இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில் உள்ள பழைய பதிவேடுகளில் பெயர்களும் தேதிகளும் தவிர வேறு என்ன இருக்கிறது?

பெயர்களையும் தேதிகளையும் தேடித்தான் பெரும்பாலோர் அந்தப் பதிவேடுகளுக்குள் நுழைகிறார்கள். எனக்கும் வழி அப்படித்தான் திறந்தது. வேலை நிமித்தமாக டெவன் மாவட்டத்தில் சில ஆண்டுகள் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் தம் முன்னோரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி எக்ஸெட்டரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பார்வை குறைந்துவிட்டதால், எழுத்துகளைப் படித்துச் சொல்ல என்னையும் உடன் அழைத்தார். அவர் தேடிய வரி இரண்டாம் நாளிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் அதே ஊரின் ஆவணங்களோடு வந்த செலவுக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிய பிறகு, நாங்கள் இருவரும் பல மாதங்கள் அங்கே போவதை நிறுத்த முடியவில்லை. ஆகவே இந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளும் வாசல் மட்டுமே, ஊர் பேசுவது கணக்குப் புத்தகங்களில்தான்.

அதை விளக்க, ‘பாரிஷ்’ என்ற சொல்லை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆலயத்துக்கும் அதன் குருவுக்கும் உட்பட்ட ஊர்ப்பகுதி அது; திருநெல்வேலிப் பக்கத்துச் சபையில் வளர்ந்த நான் அதைச் ‘சேகரம்’ என்றே மனத்தில் மொழிபெயர்த்துக்கொள்வேன். ஆனால் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் சேகரம் என்பது வழிபாட்டு எல்லையாக இருந்ததோடு, அரசு நிர்வாகத்தின் கடைசிப் படியாகவும் இருந்தது. 1555-ஆம் ஆண்டுச் சட்டம் சாலைகளைச் செப்பனிடும் கடமையை அதன் தலையில் வைத்தது. 1601-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளைப் பராமரிக்கும் கடமையை அதனிடம் உறுதியாக ஒப்படைத்தது. ஒவ்வொரு கடமைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஒரு கணக்கு, ஆண்டு முடிவில் அந்தக் கணக்கை ஊரார் கூடும் ‘வெஸ்ட்ரி’ கூட்டத்தில் ஒப்புவிக்க வேண்டிய கட்டாயம். இந்தக் கட்டாயம் இல்லாதிருந்தால், நிலமோ பட்டமோ இல்லாத பல்லாயிரம் மனிதர்களைப் பற்றி நமக்கு ஒரு வரிகூடக் கிடைத்திருக்காது.

பதிவேடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538 செப்டம்பரில் பிறப்பித்த ஆணையால் அவை தொடங்கின. குருவானவர் வாரந்தோறும், ஆலய நிர்வாகியான ‘சர்ச் வார்டன்’ முன்னிலையில், அந்த வாரத்து ஞானஸ்நானங்களையும் திருமணங்களையும் அடக்கங்களையும் எழுத வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுகள் உள்ள பெட்டியில் வைத்து, ஒரு சாவியைக் குருவும் மற்றொன்றை வார்டன்களும் வைத்திருக்க வேண்டும். டெவன், கார்ன்வால் மக்கள் இதைப் புதிய வரிக்கான முன்னேற்பாடு என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் ஒன்றரை நூற்றாண்டு கழித்து மெய்யாயிற்று: 1695 முதல் சில ஆண்டுகள் பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு வரி இருந்தது, 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு இந்த இரண்டாவது வரியிலிருந்து விலக்கு உண்டு என்பதால், அந்த ஆண்டுகளில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘ஏழை’ என்ற குறிப்பைக் கண்டால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

பல ஊர்களின் பதிவேடு ஏன் 1558-இல் தொடங்குகிறது என்று சிலர் வியப்பதுண்டு. தாள் புத்தகங்கள் நைந்துபோவதைக் கண்ட திருச்சபை, 1598-இல் எல்லாவற்றையும் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னது. குறிப்பாக எலிசபெத் அரசியின் முதலாம் ஆண்டு தொடங்கி எடுத்தால் போதும் என்பதுபோல் அந்த ஆணையின் வாசகம் அமைந்ததால், பல குருமார் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை விட்டுவிட்டார்கள். ஒரு சொற்றொடர் விழுங்கிய இருபது ஆண்டுகள்! அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. ஆயினும் அதே ஆணை ஆண்டுதோறும் ஒரு படியை மறைமாவட்டத் தலைவரான ஆயருக்கு அனுப்பவும் சொன்னதால், மூலம் எரிந்தோ எலி கடித்தோ போன பல ஊர்களுக்கு ஆயர் படிகள் கைகொடுக்கின்றன.

1754 முதல் மணமக்களும் இரு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக்குறி இட்டார்கள். 1813 முதல் அச்சடித்த படிவங்கள் வந்து, தந்தையின் தொழிலும் குடியிருக்கும் இடமும் இறந்தவரின் வயதும் பதிவாயின. 1837 ஜூலை 1 முதல் அரசே பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கியது. இதே முறை கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது: புனித ஜார்ஜ் கோட்டையில் 1680-இல் திறக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தில்தான் ராபர்ட் கிளைவ் 1753-இல் மணம் முடித்தார்.

இனி, என்னைக் கட்டிப்போட்ட கணக்குகளுக்கு வருகிறேன். இவற்றுள் தலைசிறந்தது டெவனின் வடக்கு எல்லையில், எக்ஸ்மூர் மேட்டு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் மோர்பாத் என்ற மிகச் சிறிய ஊரின் கணக்கு. அன்று அங்கே இருந்தவை 33 குடும்பங்கள். 1520-இல் குருவாக வந்த கிறிஸ்டோபர் ட்ரைக்கே, 1574-இல் இறக்கும் வரை, ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அதே ஊரில் இருந்தார். வார்டன்கள் ஒப்புவிக்க வேண்டிய கணக்கை அவர்களுக்காக அவரே எழுதி, ஊரார் முன் வாசித்தார். காதால் கேட்பதற்கென்று எழுதப்பட்டதால் அதில் வெறும் எண்கள் இல்லை, பேச்சு இருக்கிறது. யார் எதற்கு இணங்கினார், எதில் மனத்தாங்கல் வந்தது, யார் மனமுவந்து கொடுத்தார் என்று குரு சொல்லிக்கொண்டே போகிறார்.

அந்த ஆலயத்தில் ஒவ்வொரு புனிதரின் சுரூபத்தின் முன்பும் எரியும் விளக்குக்குத் தனித்தனி நிதி இருந்தது. அந்த நிதியின் மூலதனம் பணம் அல்ல, ஆடுகள். ஆலயத்துக்குச் சொந்தமான ஆடுகளை ஊர்க் குடும்பங்கள் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்துவந்தன. கம்பளியும் குட்டியும் விற்ற காசில் மெழுகு வாங்கினார்கள். இளைஞர்களுக்கு ஒரு நிதி, கன்னிப் பெண்களுக்கு ஒரு நிதி என்று தனியே இருந்தன. அவற்றுக்கு அவர்களுள்ளிருந்தே பொறுப்பாளர்கள். 1534-இல் திருடன் ஒருவன் ஏணி வைத்து ஆலயத்துக்குள் புகுந்து திருவிருந்துப் பாத்திரத்தைக் கொண்டுபோனபோது, ஊர்ப் பொது நிதியைத் தொடாமல் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தவர்கள் இந்த இளைஞர்களும் கன்னிப் பெண்களும்தான். அடக்க வழிபாடுகளுக்குக் கறுப்பு அங்கிகள் வாங்க வேண்டும் என்பது குருவின் ஆசை. அதற்காக அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1547-இல் அங்கிகள் வந்து சேர்ந்தன. அதே ஆண்டில் ஹென்றி இறந்து, சிறுவனான ஆறாம் எட்வர்டின் அரசு, அந்த அங்கிகளுக்குப் பொருள் தந்த வழிபாட்டையே ஒழிக்கத் தொடங்கியது.

அடுத்த சில பக்கங்களைப் படிக்கையில் நெஞ்சு கனக்கும். விளக்குகள் அணைகின்றன, ஆடுகள் விற்கப்படுகின்றன, நிதிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன, பொறுப்பாளர் பதவிகள் காலியாகின்றன. கத்தோலிக்க வழிபாட்டை நீக்கிப் புரொட்டஸ்டன்ட் வழிபாட்டைக் கொண்டுவந்த அந்த மதச் சீர்திருத்தத்தைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். ஓர் ஊரின் வரவுப் பக்கம் இப்படிச் சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்தபோதுதான் அது சாதாரணக் குடியானவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது எனக்கு விளங்கிற்று. 1549-இல் புதிய ஆங்கில வழிபாட்டு நூலை எதிர்த்து டெவனிலும் கார்ன்வாலிலும் கிளர்ச்சி மூண்டது; எக்ஸெட்டர் நகரம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் முற்றுகையில் இருந்தது. நகருக்கு வெளியே கிளர்ச்சியாளர்கள் அமைத்த முகாமுக்கு மோர்பாத் தன் இளைஞர்கள் ஐவரை அனுப்பிவைத்தது. அதற்கான செலவு, மெழுகுச் செலவைப் போலவே, ஊர்க் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அரசுக்கு எதிரான படைக்கு ஆள் அனுப்பிய செய்தியை ஏன் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு முதலில் திகைப்பாக இருந்தது. ஊர்ப் பணத்துக்குக் கணக்குச் சொல்வது அந்தக் குருவுக்குத் தம் பாதுகாப்பைவிட மூத்த கடமையாக இருந்திருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். 1553-இல் மேரி அரசியாகிப் பழைய வழிபாடு திரும்பியபோது, மறைத்துவைத்திருந்த சுரூபங்களையும் ஆலயப் பொருள்களையும் ஊரார் ஒவ்வொருவராக வீட்டிலிருந்து கொண்டுவந்து ஒப்படைத்ததையும் அவர் மகிழ்ச்சியோடு பதிந்திருக்கிறார்.

எல்லா ஊர்களுக்கும் இப்படி ஒரு ட்ரைக்கே வாய்க்கவில்லை. பிற ஊர் வார்டன் கணக்குகளில் பெரும்பாலும் மணிக் கயிறு, கூரை ஓடு, திருவிருந்துத் திராட்சரசம் ஆகிய செலவுகளே வரும். இடையிடையே நரித் தலைக்கு ஒரு ஷில்லிங், முள்ளெலிக்கு இரண்டு பென்ஸ் என்ற வரிகள் தென்படும். பயிரையும் கால்நடையையும் கெடுக்கும் உயிர்களைக் கொன்றவர்களுக்குப் பணம் தர 1566-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்திருந்தது. இரவில் பசுவின் மடியில் பால் குடிக்கிறது என்ற நம்பிக்கையால் பாவம், முள்ளெலியும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

சேகரத்தில் ஏழைகளின் பராமரிப்பைக் கவனித்த ‘ஓவர்சியர்’ என்ற மேற்பார்வையாளரின் கணக்குகள் வேறு விதமானவை; எனக்கு அவையே நெருக்கமானவை. ஒரு விதவைக்கு வாரப்படி, மழைக்காலத்தில் ஒரு வண்டி விறகு, காலணி தைத்த கூலி, நோயில் கிடந்தபோது பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் காசு, பிறகு சவப்பெட்டி, குழி வெட்டிய கூலி என்று ஒரு முதுமை முழுவதும் செலவுப் பத்தியில் நிறைவேறிவிடும். அடக்கப் பதிவேட்டில் அதே பெண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கும்.

இந்தப் பரிவுக்கு ஒரு கொடிய மறுபக்கமும் இருந்தது. 1662-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொருவருக்கும் ‘சொந்தச் சேகரம்’ ஒன்று உண்டு, உதவி அங்கேதான். வேறு ஊரிலிருந்து வந்து வறுமைப்பட்டவரை இரண்டு நீதிபதிகளின் ஆணை பெற்றுத் திருப்பி அனுப்பலாம். அதற்கு முன் அவரை விசாரித்து, எங்கே பிறந்தார், யாரிடம் எத்தனை காலம் வேலை பார்த்தார், என்ன கூலி வாங்கினார் என்று எழுதிக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பண்ணையாளின் வாழ்க்கை வரலாறு அவர் வாய்மொழியாகவே நமக்குக் கிடைப்பது இந்த விசாரணைத் தாள்களில்தான். ஓராண்டு முழுவதும் ஒரே இடத்தில் கூலிக்கு இருந்தால் அந்த ஊரில் உரிமை வந்துவிடும் என்பதால், பண்ணைக்காரர்கள் 51 வாரங்களுக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள். மணமாகாத கர்ப்பிணிப் பெண்களின் நிலை இன்னும் மோசம்: முறை தவறிப் பிறந்ததாகக் கருதப்பட்ட குழந்தை பிறந்த ஊரின் பொறுப்பாகிவிடும் என்பதால், பேறுகாலம் நெருங்கிய பெண்ணை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட்ட வண்டிக்கூலியும் கணக்கில் இருக்கும். அந்த வரிகளை முதியவருக்கு உரக்கப் படித்துச் சொல்ல எனக்குக் குரல் எழும்பாத நாள்கள் உண்டு.

படிக்க விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள். ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களும் பிற சபையினர் பலரும் இந்தப் பதிவேடுகளில் இல்லை. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது. ஆகவே 1700 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1701 பிப்ரவரி. ஏப்ரலில் திருமணமும் அதே ஆண்டுப் பிப்ரவரியில் குழந்தையின் ஞானஸ்நானமும் இருப்பதைக் கண்டு யாரையும் தவறாக எண்ணிவிடக் கூடாது. பழைய கையெழுத்துக்குக் கண் பழக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். பின்னாளைய பக்கங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனால் அதே குடும்பப் பெயர்கள் தொடர்ந்து வந்து கைபிடித்து அழைத்துச் செல்லும்.

நூறாண்டு கடந்த ஆவணங்களை, தகுந்த பாதுகாப்பு வசதி இல்லாத ஆலயங்கள் மறைமாவட்டத்துக்குரிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1978-இல் திருச்சபை விதி செய்தது. அதனால் கிராமத்து ஆலயத்துக்கே போனால் பெரும்பாலும் வெறும் பெட்டியைத்தான் பார்ப்பீர்கள். போக வேண்டிய இடம் மாவட்டக் காப்பகம். பதிவேடுகளுள் பெரும்பகுதி இணையத்தில் கிடைக்கிறது. தன்னார்வலர்கள் படியெடுத்து இலவசமாகத் தரும் ஃப்ரீரெக் போன்ற தளங்களும் உள்ளன. ஏழைகள் கணக்கும் விசாரணைத் தாள்களும் அந்த அளவுக்கு இணையம் ஏறவில்லை. எனவே காப்பகத்தின் பட்டியலில் உங்கள் ஊரின் பெயரைத் தேடும்போது பதிவேட்டோடு நிறுத்திவிடாமல், அதற்குக் கீழே ‘மேற்பார்வையாளர்’ என்ற தலைப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்தக் கட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.