முன்குறித்தல் என்றால் தலையெழுத்தா? கேள்வி பதில்

போன ஞாயிறு மறைக்கல்விக்குப் பிறகு வந்த கேள்விகள் இவை. முடிந்தவரை எளிதாகச் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அக்கா: ஐயா, குடியை விடச் சொன்னால் என் தம்பி, "யார் மோட்சம் போவார் என்று சாமி முன்னாடியே எழுதிவிட்டார், நான் என்ன செய்ய?" என்கிறான். பவுலும் "முன்குறித்தார்" என்றுதானே எழுதுகிறார்?

ஆமாம்மா, பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 8-ஆம் அதிகாரத்தில் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் அது தலையெழுத்து இல்லை. கடவுள் யாரையும் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1037-ஆம் எண்ணில் சொல்கிறது. 600-ஆம் எண் இன்னும் அழகு: அவர் திட்டம் வகுக்கும்போதே, அருளுக்கு ஒவ்வொருவரும் மனமுவந்து தரும் பதிலையும் அதில் சேர்த்துத்தான் வகுக்கிறார்.

சின்ன வயதில் பாலாற்றில் ஊற்று தோண்டுவோம். கொட்டாங்கச்சியால் மணலை வாரிப் போட்டால் முதலில் கலங்கலாக ஊறும். இரண்டு தடவை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் தெளியும். தோண்டியது என் கைதான். தண்ணீரோ, தோண்ட வைத்த தாகமோ நான் உண்டாக்கியது இல்லை. விசுவாசத்தின் முதல் ஆசைகூட அருளால்தான் வருகிறது என்று 529-இல் பிரான்சின் ஒரேஞ்ச் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் சொன்னது. அந்த அருளை மனிதன் வேண்டாம் என்று தள்ளவும் முடியும் என்று 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது. தம்பியோடு சண்டை வேண்டாம். விட்டுவிடலாம் என்று ஒரு நாளாவது தோன்றியதா என்று மட்டும் கேளுங்கள். தோன்றியிருந்தால், அருள் ஏற்கெனவே அவனிடம் வந்திருக்கிறது.

காட்பாடி மாணவர்: நாளை நான் செய்வது கடவுளுக்கு இன்றே தெரியுமென்றால், அதை நான் மாற்றவே முடியாதே?

"இன்றே" என்பதில்தான் சிக்கல், தம்பி. அவருக்கு நேற்றும் நாளையும் ஒரே நிகழ்காலம். வேலூர் மலைமேல் நின்றால் முன்னே போகும் பஸ்ஸும் பின்னே வரும் பஸ்ஸும் சேர்ந்தே தெரியும். நீ பார்ப்பதால் டிரைவர் வண்டியைத் திருப்புவதில்லை. இறையியல் அறிஞரான புனித தாமஸ் அக்குவினாசும் உயரத்திலிருந்து பாதையைப் பார்ப்பவரைத்தான் உவமையாகச் சொல்கிறார்.

ராணிப்பேட்டை ஆசிரியை: கடவுள் வெறுமனே பார்ப்பவர் இல்லையே. அவரே மனதை அசைத்தால் அது எப்படி என் விருப்பம்?

இதற்காக இயேசு சபையாரும் தொமினிக்கன் சபையாரும் கடுமையாக மோதினார்கள். எந்தச் சூழலில் யார் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கடவுளுக்குத் தெரியும், அதை அறிந்தே அருள் தருகிறார் என்று இயேசு சபையைச் சேர்ந்த மொலினா 1588-இல் எழுதினார். அப்படியானால் கடவுள் மனிதனை நம்பி நிற்பதாகிவிடும் என்று தொமினிக்கன் சபையைச் சேர்ந்த பானியெஸின் தரப்பு எதிர்த்தது. 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் இரு தரப்பையும் கண்டிக்காமல், ஒருவரை ஒருவர் பழிக்காதீர்கள் என்று முடித்துவைத்தார். எந்தப் பக்கமும் நிற்கலாம். நான் தொமினிக்கன் சபையாரான தாமஸின் பக்கம்: கடவுள் எதையும் அதனதன் இயல்புப்படியே அசைக்கிறார். மனதை அசைப்பதென்றால், அதுவே விரும்பும்படி அசைப்பது.

ஆற்காட்டிலிருந்து ஒருவர்: யூதாசு காட்டிக்கொடுப்பார் என்று இயேசு முன்பே சொல்லிவிட்டாரே, அவர்மேல் பரிதாபம் வராதா?

பேதுரு மறுதலிப்பார் என்றும் இயேசு முன்பே சொன்னார். ஆனாலும் பேதுரு அழுது திரும்பி வந்தாரே. முன்பே சொன்னது யாருடைய மனதையும் கட்டிப்போடவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து ஒருவர்: அம்மா ஐசியூவில் இருக்கிறார். எல்லாம் முடிவாகிவிட்டதென்றால் செபமாலை எதற்கு?

கடவுளின் தீர்மானத்தை மாற்றுவதற்காகச் செபிப்பதில்லை. செபத்தின் வழியாகத் தர அவர் தீர்மானித்ததைப் பெறவே செபிக்கிறோம் என்பார் தாமஸ். உங்கள் விரலில் நகரும் மணியும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. விடாமல் சொல்லுங்கள். அம்மா பெயரை அனுப்புங்கள், நாளைக் காலைப் பூசையில் சேர்க்கச் சொல்கிறேன்.