‘செட்டில்மென்ட்’ செய்தால் கடன் முடிந்துவிடுமா?

கேள்வி: வசூலுக்கு வருபவர்களின் நடைமுறையால் ஒருவருடைய கிரெடிட் ஸ்கோர் (கடனைத் திருப்பிக் கட்டும் விதத்துக்கான மதிப்பெண்) கெடுமா?

கெடும். அவர்கள் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும்; சொல்லாமல் விடுகிற விவரத்தால் வரும் கேடோ, அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தெரியவரும்.

நான் குடியாத்தத்துக்காரன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒரு நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன் வாங்கியிருந்தேன். வேலை போனதால் ஐந்து மாதம் தவணை கட்ட முடியவில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனக்கு இரவு பத்து மணிக்கும் அழைப்பு வந்தது. அந்த நெருக்கடியில் இருந்தபோதுதான் வசூல் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, பாக்கி 84,000 ரூபாயில் 50,000 ரூபாயை ஒரே தடவையாகக் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம், இனி யாரும் வரமாட்டார்கள் என்றார். அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். சொன்னபடி அதன்பின் யாரும் வரவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து வீட்டுக் கடன் கேட்டுக் காட்பாடியில் ஒரு வங்கிக்குப் போனபோது, மேலாளர் என் சிபில் அறிக்கையை, அதாவது என் கடன் வரலாற்றைச் சொல்லும் அறிக்கையைக் காட்டினார். அந்தக் கணக்குக்கு எதிரே ‘குளோஸ்டு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘செட்டில்டு’ என்று இருந்தது. கடன் கொடுத்தவர் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கணக்கை முடித்தார் என்று அதற்குப் பொருள். அதாவது, 34,000 ரூபாயைக் கட்டாமல் விட்டவன் என்றே மற்ற வங்கிகள் என்னைப் பார்க்கும். இதை ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மீதியைத் தவணையாகக் கட்ட அவகாசம் கேட்டிருப்பேன்.

ரொக்கமாக ஏஜென்ட் கையில் கொடுப்பதும் வேண்டாம். நிறுவனத்தின் கணக்கில் பணம் வரவு வைக்கப்படும்வரை தாமத நாட்கள் ஏறிக்கொண்டே போகும். 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன்.

விட்டுப்போன 34,000 ரூபாயை நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தி, நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கி, பதிவைத் திருத்தும்படி எழுத்து மூலம் கேட்டேன். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்து புகார் செய்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

உங்களிடமும் யாராவது செட்டில்மென்ட் பேசினால், பணம் கட்டுவதற்கு முன்பே, கணக்கு ‘குளோஸ்டு’ என்று பதிவாகுமா, ‘செட்டில்டு’ என்று பதிவாகுமா என்பதை நிறுவனத்தின் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். என் கணக்கு இப்போது ‘குளோஸ்டு’ என்று மாறிவிட்டது. அந்த ஐந்து மாதத் தாமதம் மட்டும் அறிக்கையில் அப்படியே இருக்கிறது. அது உண்மையில் நடந்தது என்பதால் அதை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.