பேருந்துக் கட்டணம் கூடினால் அந்தக் காசு யாருக்கு?

கேள்வி: ஜூரோங்கில் 2016இல் எஸ்எம்ஆர்டி, எஸ்பிஎஸ் நிறுவனங்கள் ஓட்டிய பேருந்துச் சேவைகள் சிலவற்றை டவர் டிரான்சிட் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கிறதே, புது நிறுவனத்தின் லாபத்துக்காகத்தானே?
(வாசகர், பூன் லே, சிங்கப்பூர்)

பதில்: இல்லை. 2016 செப்டம்பர் முதல் சிங்கப்பூரின் பொதுப் பேருந்துகள் ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. வண்டி, பணிமனை, அட்டையில் கழியும் கட்டணம் எல்லாமே அரசின் நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தவை. நடத்தும் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் பேசிய சேவைத் தொகை மட்டும்தான். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பத்துக் காசு அதன் கைக்குப் போவதில்லை.

கட்டணத்தை நிர்ணயிப்பது பொதுப் போக்குவரத்து மன்றம். மூலாதாரப் பணவீக்கம் (தங்குமிடம், தனியார் போக்குவரத்து நீங்கலான விலையேற்றம்), சம்பளம், எரிசக்தி விலை ஆகியவற்றோடு, பயணிகள் பெருகும் வேகத்தைவிடச் சேவை எவ்வளவு கூடியது என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2023இல் அந்தச் சூத்திரப்படி 22.6 விழுக்காடு வரை ஏற்றியிருக்கலாம். ஏற்றியது 7 விழுக்காடு. மீதி 15.6 பின்னர் வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. எண்ணெய் விலை இறங்கிய பிறகும் கட்டணம் ஏறுவதற்கு இந்தப் பாக்கி ஒரு முக்கியக் காரணம். ஒரேயடியாக ஏற்றாமல் விட்டது நல்லதே. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் படிக்கும்போது, ஏறிய விழுக்காட்டோடு தள்ளிவைத்த விழுக்காட்டையும் பாருங்கள்.

கேள்வி: பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்கிறார்கள். இருபது நிமிடம் நின்றால் இரண்டு சேர்ந்து வருகின்றன. இதை யார் கேட்பது?
(வாசகி, ஈசூன்)

பதில்: ஆணையமே கேட்கிறது. வண்டி பத்து நிமிட இடைவெளியில் சீராக வந்தால், நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் அது 10 நிமிடம் ஆகிவிடும். வண்டி எண்ணிக்கை குறையவில்லை, காத்திருப்பு மட்டும் இரட்டிப்பு. அந்தக் கூடுதல் 5 நிமிடத்தை அளந்துதான் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகையோ அபராதமோ விதிக்கிறார்கள்.

ஒட்டிக்கொள்வது எப்படி? முன்வண்டி சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். ஏற்றி இறக்க இன்னும் நேரமாகும். பின்வண்டிக்கு ஆள் குறைவு, அது விரைந்து வந்து எட்டிப்பிடித்துவிடும். இதைத் தடுக்க, கட்டுப்பாட்டு அறை பின்வண்டியை ஒரு நிறுத்தத்தில் சற்று நிறுத்திவைக்கச் சொல்லும். காரணமில்லாமல் வண்டி நிற்பதுபோல் தோன்றினால் ஓட்டுநரிடம் கோபப்பட வேண்டாம், அவர் செய்வது சரியான வேலை.

புகார் கொடுக்கும்போது “எப்போதும் தாமதம்” என்று எழுதினால் பயனில்லை. சேவை எண், நிறுத்தத்தின் ஐந்து இலக்கக் குறியீடு, தேதி, முந்தைய வண்டி போன நேரம், அடுத்தது வந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். அவர்களிடம் உள்ள பதிவோடு ஒப்பிட அது போதும்.

கேள்வி: செலவைக் குறைக்க வழி உண்டா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: வண்டி மாறும்போது 45 நிமிடத்துக்குள் அடுத்ததில் ஏறிவிட்டால் மொத்தத் தூரத்துக்கு ஒரே பயணமாகக் கணக்காகும். 2 மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். அதே எண் பேருந்தில் மறுபடி ஏறினால் புதுப் பயணமாகிவிடும். பேருந்திலிருந்து இறங்கும்போது அட்டையைத் தட்ட மறந்தால் அந்த வழியின் கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு கழியும். வார நாள்களில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் தட்டி நுழைந்தால் 50 காசு வரை தள்ளுபடி உண்டு.