ஆன்மிகக் கேள்வி – பதில்: வாளி வெறுமையாக மேலே வரும் நாள்கள்

கேள்வி: தந்தையே, இருபத்திரண்டு ஆண்டுகளாக அதிகாலையில் அரைமணி நேரம் தனியே அமர்ந்து செபித்து வருகிறேன். கடந்த ஓராண்டாக வாய் செபத்தைச் சொல்ல, மனமோ அடுப்பிலும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திலும் அலைகிறது. முன்பு கிடைத்த ஆறுதல் இல்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டவருக்கு முன்னால் நடிப்பதுபோல் தோன்றுகிறது. இதை நிறுத்திவிடலாமா?
– வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: கடிகாரத்தைப் பார்ப்பதை ஒரு பாவ அறிக்கைபோல எழுதியிருக்கிறீர்கள், அம்மா. 1970-இல் திருச்சபை மறைவல்லுநராக (விசுவாசத்துக்கு வழிகாட்டும் ஆசிரியராக) அறிவித்த அவிலா நகர்ப் புனித தெரேசாவும் (1515–1582) இதையே செய்தவர்தான். செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்துக் கிடந்த ஆண்டுகள் தமக்கு உண்டு என்று அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். 1535-இல் கார்மேல் மடத்தில் சேர்ந்த அவர், பதினெட்டு ஆண்டுகள் செபத்தில் ஆறுதல் காணாத வறட்சியில் உழன்றதாகவும், நற்கருணை உட்கொண்ட வேளை தவிர மற்ற நேரங்களில் கையில் ஒரு நூல் இல்லாமல் செபத்தில் அமரவே துணியவில்லை என்றும் சொல்கிறார்.

அவரும் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார். இவ்வளவு குறைகளை வைத்துக்கொண்டு இறைவனோடு தனியே பேச நான் தகுதியற்றவள் என்று எண்ணி, ஓராண்டுக்கும் மேலாகத் தனிச்செபத்தைக் கைவிட்டிருந்தார். பின்னாளில் அவர், அது தாழ்ச்சியின் வேடத்தில் வந்த சோதனை என்றும், தம் வாழ்வில் நேர்ந்த சோதனைகளுள் அதுவே கொடியது என்றும் கணித்தார். நீங்கள் எழுதியுள்ள ‘நடிப்பு’ என்ற சொல்லிலும் அந்த வேடமே எனக்குத் தெரிகிறது.

செபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிட்டு, நான்கு வழிகளை அவர் விளக்குகிறார்: கிணற்றில் வாளி விட்டுக் கையால் இறைப்பது, வாளிகள் கட்டிய சக்கரத்தைச் சுற்றி இறைப்பது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ பாய்ச்சுவது, மழை பெய்வது. முதல் வழியில் உழைப்பு முழுவதும் நம்முடையது. மழையிலோ நம் கைக்கு வேலையே இல்லை. இந்த உவமையைப் பலரும் படிக்கட்டுகளாக எடுத்துக்கொண்டு, தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று அளந்து பார்க்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, முதல் வழியைப் பேசும்போதே அவர் இடையில் எழுப்பும் கேள்வி: கிணறே வற்றிக் கிடந்தால்? கோடையில் கிணற்றடிக்குப் போனவர்களுக்கு, வாளி தரையில் தட்டும் அந்த ஓசை தெரியும். அப்போதும் தோட்டக்காரர் தம் வேலையைச் செய்யட்டும், நீரின்றியே செடிகளைக் காக்க உரிமையாளரான ஆண்டவருக்குத் தெரியும் என்பது தெரேசாவின் பதில். உங்கள் அரைமணி நேரம் இப்போது வெறும் வாளியை இறக்கி ஏற்றும் வேலைதான். ஆனால் தோட்டத்தை விட்டு நீங்கள் போய்விடவில்லை.

எல்லா வறட்சியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தெரேசாவின் தோழர் சிலுவை யோவான் (1542–1591), வறட்சியையும் வெதுவெதுப்பையும் (இறைப்பற்றுக் குறைவையும்) பிரித்தறியச் சில அடையாளங்களைத் தருகிறார். வெதுவெதுப்பான ஆள், செபம் சுவைக்கவில்லையென்றால் வேறு சுவைகளைத் தேடிப் போய்விடுவார். அதைப்பற்றிக் கவலைப்படவும் மாட்டார். இறைவனுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற ஏக்கம் வறட்சியில் இருப்பவரை விடாது அரிக்கும். உங்கள் கடிதம் முழுவதும் அந்த ஏக்கம்தான். உடல்நிலையும் மனச்சோர்வும் இதில் கலந்திருக்கக்கூடும் என்பதை அவரும் அறிந்திருந்தார். ஆகவே தூக்கமின்மையோ எதிலும் நாட்டமின்மையோ இருந்தால், மருத்துவரைப் பார்ப்பதை விசுவாசக் குறைவாக நினைக்காதீர்கள்.

இனி, செய்ய வேண்டியது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில், ஆறுதலற்ற காலத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்கிறார். அதோடு நில்லாமல், அத்தகைய நாளில் குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே அமர்ந்திரு என்றும் சொல்கிறார். எனவே அரைமணியைக் குறைக்காதீர்கள். முடிந்தால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். தெரேசாவைப் போல ஒரு துணையை, நற்செய்தியின் ஒரு சிறு பகுதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வாசியுங்கள், ஏதாவது ஒரு சொல் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். பராக்கு வரும்போது அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்தால், அந்தக் கட்டணத்தையே ஆண்டவரிடம் சொல்லுங்கள். தாய் பிள்ளைகளுக்காகப் படும் கவலையைவிட உண்மையான மன்றாட்டு வேறென்ன இருக்க முடியும்?

கேள்வி: தியானம் எனக்குக் கைகூடவில்லை. இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இது கீழ்நிலைச் செபமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இதே மனக்குறையோடு ஒரு முதிய பெண்மணி தெரேசாவிடம் வந்தார். வாய்ச்செபம் தவிர வேறெதுவும் தமக்கு வராது என்று வருந்தினார். என்ன சொல்லிச் செபிக்கிறீர்கள் என்று தெரேசா விசாரித்ததில், அவர் பரலோக மந்திரத்தைச் சொல்லியபடியே ஆழ்ந்த காட்சித் தியானத்தில் (சொற்களைக் கடந்து இறைவனில் ஒன்றியிருக்கும் செபத்தில்) நிலைத்திருப்பது தெரியவந்தது. தெரேசா ஆண்டவரைப் புகழ்ந்தார். அந்த அம்மாளின் வாய்ச்செபத்தைக் கண்டு தமக்குப் பொறாமையாக இருந்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்.