பெட்ரோல் பம்ப் மாற்றிய பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லை: அடுத்த பார்ட்டுக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகர்): என்னிடம் 2013 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. சில வாரங்களாக இழுவை குறைந்து, திருவாரூர் சாலையில் இரண்டு தடவை நின்றுபோனது. ஊரில் ஒரு ஷெட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று மாற்றினார்கள். 8,500 ரூபாயை போனிலேயே அனுப்பிவிட்டேன். பில் தரவில்லை, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மாற்றியதிலிருந்து செல்ஃப் நன்றாக எடுக்கிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. இப்போது "ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிடுச்சு, 24,000 ஆகும்" என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா? பம்புக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஈசிஎம்தான் போயிருக்கிறது என்று அவர் அளந்து காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம், வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போய் விட்டது. ஓடி வந்த வண்டி, வேலை முடிந்த பிறகு அடியோடு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கை வைத்த இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். டேங்க், பம்ப், அதற்குப் போகிற வயர், பியூஸ், ரிலே (பம்புக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்). இவற்றையெல்லாம் தாண்டி ஈசிஎம்முக்குப் போவதற்குக் காரணம் வேண்டும். மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. சோதிக்கக் கருவி இல்லாத இடத்தில் பார்ட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் செலவு உங்கள் தலையில் விழக் கூடாது என்பதுதான் என் கவலை.

முதல் சோதனைக்குக் கருவியே தேவையில்லை. ஒருவர் சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பட்டும், செல்ஃப் அடிக்க வேண்டாம். இன்னொருவர் பின் சீட் பக்கம் காதை வைத்துக் கேட்கட்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இரண்டு மூன்று விநாடி 'உய்ங்' என்று பம்ப் ஓடி நிற்கும்.

சத்தமே இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் பியூஸ், ரிலே, பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர், எர்த் வயர். கனெக்டர் பாதி மாட்டியிருப்பது, அதன் ஊசி வளைந்து உள்ளே போயிருப்பது எல்லாம் அடிக்கடி நடப்பவை. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டினால் போதாது. உள்ளே நைந்துபோன வயரும் மீட்டரில் 12 காட்டும், பம்பை ஓட்டும் அளவுக்குக் கரண்ட் தராது. அந்த கனெக்டரில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டி, பளிச்சென்று எரிகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. நம் பக்கத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் ஏறிவிடும். வண்டி சில நாள் நின்றாலே வயரைக் கடித்து வைக்கும். பின் சீட்டைத் தூக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தம் கேட்டால் பம்ப் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பம்ப் சுற்றும், பெட்ரோல் வராது. மோட்டாரை மட்டும் மாற்றும்போது இரண்டு வயரை இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். டேங்குக்குள் இருக்கும் குட்டி ஹோஸ் கழன்றிருந்தாலோ, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மடங்கியிருந்தாலோ பெட்ரோல் திரும்ப டேங்குக்கே கொட்டிவிடும். இதையெல்லாம் காதால் கண்டுபிடிக்க முடியாது, பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் வேண்டும். பல பெட்ரோல் கார்களில் லைனில் ஏறத்தாழ 3 பார் அழுத்தம் இருக்கும். உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சாவியை அணைத்த உடனே முள் சரசரவென்று இறங்கினால் எங்கோ கசிகிறது. கேஜ் இல்லாத ஷெட்டில் பம்ப் வேலையே கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. பம்ப் மாற்றத் தேவையா என்று முதலில் சொல்வதும் அதே கேஜ்தான்.

டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பம்பைக் கழற்றும் முன் பெட்ரோலை இறக்கியிருக்கலாம். திரும்ப ஊற்றியது குறைவாக இருக்கலாம், புதிய மிதவை மீட்டரில் தப்பாகவும் காட்டலாம். ஐந்து லிட்டர் ஊற்றி, சாவியை நான்கைந்து முறை ஆன்-ஆஃப் செய்து பிறகு செல்ஃப் அடித்துப் பாருங்கள். லைனில் நிற்கும் காற்று வெளியேற அதுவே போதும். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகிவிடும்.

இனி ஈசிஎம். சாவி ஆன் செய்ததும் டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறதா? ஸ்கேனர் (கோளாறு எண்களைப் படிக்கும் கருவி) மாட்டினால் ஈசிஎம்மோடு தொடர்பு கிடைக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டும் இல்லை என்றாலும்கூட, ஈசிஎம்முக்குப் போகும் பியூஸையும் மெயின் ரிலேயையும் பார்த்த பிறகுதான் அதைக் குற்றம் சொல்லலாம். ஸ்கேனரில் P0230 வந்தால் பம்ப் சர்க்யூட்டில் கோளாறு, P0335 வந்தால் எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. கோளாறு எண் வந்த திரையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் சிமிட்டினால் அது இம்மொபிலைசர் (வேறு சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் திருட்டுத் தடுப்பு அமைப்பு) பிரச்சினை, பம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பணம். வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. பில் தராததும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. முதலில் அந்த ஷெட்டிலேயே நிதானமாகப் பேசுங்கள். மேலே சொன்ன சோதனைகளைச் செய்து காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பம்பையும் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் வண்டியைக் கட்டி இழுத்து வேறு இடத்தில் காட்டி, என்ன கோளாறு என்று எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு மிகப் பெரிய சான்று அந்தத் தாள்தான். செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால் வண்டியை நிறுத்தி வைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு மெக்கானிக்குக்கு இடம் தருகிறது. நீங்கள் முழுப் பணமும் கொடுத்துவிட்டதால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்தது திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டும் போனில் பணம் அனுப்பிய பதிவும் சேர்ந்தால், பணம் கொடுத்ததைக் காட்டப் போதும்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): நானே கடையில் பம்ப் வாங்கிக் கொடுத்தேன். மாட்டியதும் ஓடவில்லை. "எலெக்ட்ரிக்கல் ஐட்டம் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வழி உண்டா?

பதில்: உண்டு. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. பில்லில் அச்சடித்துவிட்டதால் அது மாறிவிடாது. ஆனால் பம்பில்தான் குறை என்பதை நீங்கள் காட்ட வேண்டும். அதற்கு முன், மேலே சொன்னதுபோல் கனெக்டரில் பல்பு எரிகிறதா என்று பாருங்கள். பல்பு எரிந்தும் பம்ப் ஓடவில்லை என்றால் அதை வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பம்பை வெளியே வைத்து நேரடியாக பேட்டரியில் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான், காய்ந்து ஓடினால் நல்ல பம்பும் கெட்டுவிடும். அதோடு பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும், ஷெட்டே பற்றிக்கொள்ளும்.