8கே டிவியும் அடுத்த கன்சோலும்: கேள்வி பதில்

டிவி, கேம் கன்சோல் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 8கே, அதாவது 4கே-யைவிடப் பல மடங்கு புள்ளிகள் (பிக்சல்) கொண்ட படம் பற்றித்தான். அதனால் அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) பெட்டியில் 8கே என்று போட்டிருந்தார்களே சார், அது என்ன ஆனது?

2020 நவம்பரில் வந்தபோது போட்டிருந்தார்கள். 2024 வாக்கில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். நடுவில், 2021இல், 'தி டூரிஸ்ட்' என்று ஒரு சின்ன கேம் வந்தது. அது உள்ளுக்குள் 8கே அளவில் படத்தை வரையும். கன்சோலோ அதை 4கே-யாகச் சுருக்கித்தான் டிவிக்கு அனுப்பும்! 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் நிஜமாகவே 8கே வெளியே வருகிறது. 'கிரான் டூரிஸ்மோ 7' மாதிரி அதைப் பயன்படுத்தும் கேம்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஏன் அவ்வளவு கஷ்டம்?

4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல். 8கே-யில் 3.3 கோடி, அதாவது நான்கு மடங்கு. நொடிக்கு 60 ஃபிரேம் (முழுப் படம்) என்றால் ஏறக்குறைய 200 கோடி பிக்சல் வரைய வேண்டும். பிஎஸ்5-க்கும் ப்ரோவுக்கும் இடையே நான்கு வருடம் ஓடியது. சோனியே சொன்ன கணக்கில் படம் வரையும் வேகம் கூடியது சுமார் 45 சதவீதம். நான்கு மடங்குக்கு எங்கே போவது? இன்றைக்கு '4கே கேம்' என்று விற்பதில் பலவும் குறைந்த அளவில் வரைந்து, அப்புறம் பெரிதாக்கிக் காட்டுபவைதான்.

55 இன்ச் டிவி, சோபா 8 அடி தூரம். 8கே வாங்கினால் வித்தியாசம் தெரியுமா அண்ணே?

தெரியாது. சராசரி நல்ல பார்வைக்குப் பார்வைக் கோணத்தின் ஒரு பாகையில் (டிகிரி) 60 பிக்சல் வரைதான் பிரித்துப் பார்க்க முடியும் என்பது வழக்கமான கணக்கு. அதை 55 இன்ச்சுக்குப் போட்டால், 1080பி (சாதாரண ஃபுல் எச்டி) திரையில் சுமார் 7 அடிக்கு அப்பால் புள்ளிகள் மறைந்துவிடும். 4கே-யில் மூன்றரை அடி. 8கே-யின் நுணுக்கம் முழுதாகத் தெரிய இரண்டு அடிக்குள் போய் உட்கார வேண்டும், அம்மா திட்டுவார்கள். சிலருக்குப் பார்வை இன்னும் கூர்மை, அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளியும் தெரியும். ஆனால் 8 அடியில் நீங்கள் 'ஆகா' என்று பார்க்கும் படத்தில் பாதிப் பெருமை எச்டிஆருக்கும் (வெளிச்சத்தையும் இருளையும் அதிக வித்தியாசத்தோடு காட்டும் வசதி) நல்ல கறுப்புக்கும் உரியது, பிக்சலுக்கு அல்ல.

கேமுக்கு இல்லாவிட்டாலும் 8கே-யில் பார்க்க வேறு ஏதாவது இருக்கிறதா?

ஜப்பானில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 2018 டிசம்பரில் 8கே ஒளிபரப்பு தொடங்கியது. மற்ற ஊர்களில் யூடியூபில் தேடினால் கொஞ்சம் கிடைக்கும். 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் மின்செலவு விதியை இறுக்கியது, மின்சாரம் அதிகம் இழுக்கும் இந்த டிவிகளுக்கு இன்னொரு அடி. சோனி, டிசிஎல் இரண்டும் 8கே-யைக் கைவிட்டுவிட்டன.

சரி, அப்போது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் மாற்றும்) 4கே பேனல், விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கு ஏற்ப டிவி படத்தை மாற்றுவது), ஏஎல்எல்எம் (கேம் தொடங்கியதும் டிவி தானாகக் கேம் மோடுக்கு மாறுவது). கன்சோலை டிவியோடு இணைக்கும் போர்ட்டில் 'எச்டிஎம்ஐ 2.1' என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அதிலுள்ள பல வசதிகள் கட்டாயமில்லை, பழைய 18 ஜிபிபிஎஸ் வேகத்தில் ஓடும் போர்ட்டுக்கும் அந்தப் பெயரை ஒட்டலாம். கடைக்காரரிடம் "4கே 120 எந்த போர்ட்டில் வரும்?" என்று கேளுங்கள். பல டிவிகளில் நான்கு போர்ட்டில் இரண்டில்தான் வரும்.

அடுத்த பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸில் 8கே வருமா?

பெட்டியில் எழுதினாலும் ஆச்சரியமில்லை. ஆனால் 2025 அக்டோபரில் சோனியின் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, சிப் நிறுவனமான ஏஎம்டி-யோடு சேர்ந்து அடுத்த கன்சோலுக்கான நுட்பங்களை விளக்கியபோது பேச்சு முழுக்க ஒளிக்கதிர் கணக்கீடு (ரே டிரேசிங்), ஏஐ வழியாகப் படத்தைப் பெரிதாக்குவது, நினைவகச் சுமையைக் குறைப்பது பற்றித்தான். அதுதான் சரியான திசை என்பேன். கூடுதல் சக்தி கிடைத்தால் 4கே-யில் 120 ஃபிரேம் கொடுக்கட்டும், வெளிச்சம் நிஜம்போல விழட்டும்.

நான் ஏற்கெனவே 8கே டிவி வாங்கிவிட்டேனே!

பரவாயில்லை, நல்ல பேனலாகத்தான் இருக்கும். கன்சோலை 4கே 120-இல் வையுங்கள், மீதியை டிவியே பெரிதாக்கிக்கொள்ளும். தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.