இல்லாத பாதம் வலிக்குமா?

தேவகோட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: "சர்க்கரை நோயால் எங்கள் அப்பச்சியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று மாதமாகிறது. அந்தக் காலின் கட்டைவிரல் மடங்கி இறுகி உயிர் போகிறது என்கிறார். வளவில் உட்கார்ந்தால் ஆத்தங்குடித் தரையின் குளிர்ச்சி அந்தப் பாதத்தில் ஏறுகிறதாம். புத்தி பேதலித்துவிட்டதா?"

இல்லை அம்மா, அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். அந்த வலியும் மெய்யான வலி. உறுப்பை இழந்தவர்களில் பெரும்பாலோர் இதை உணர்கிறார்கள்.

மூளையின் மேற்பரப்பில் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி இடம் உண்டு. கால் போனாலும் காலுக்குரிய அந்த இடம் போகவில்லை. அறுபட்ட நரம்பு முனையிலிருந்து தாறுமாறாக வரும் தகவலையும் அது 'பாதம்' என்றே படிக்கிறது. மடக்கிய விரலை விரிக்க மூளை ஆணையிடுகிறது. விரிந்தது என்று பதில் சொல்லக் காலோ இல்லை. இறுக்கம் அப்படியே நிற்கிறது.

இப்போது அவருடைய இடது பாதத்தைப் பாருங்கள். சர்க்கரை அதன் நரம்புகளையும் கெடுத்திருந்தால், முள் தைத்தாலும் உச்சிவெயிலில் முற்றத்துக் கல் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இல்லாத பாதம் துடிக்கிறது, இருக்கும் பாதம் மரத்துக் கிடக்கிறது! இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு இந்த வியப்பு அடங்கவில்லை. 'என் கால்' என்ற உணர்வே நரம்பு தரும் செய்தியை வைத்து மூளை கட்டுவதுதான்.

சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இந்த இல்லாத காலின் வலிக்கு ஒரு கண்ணாடியைக் கொண்டு வழி கண்டார். கால்களை நீட்டி உட்காரவைத்து, இரண்டுக்கும் நடுவே நீளவாட்டில் கண்ணாடியை நிறுத்துங்கள். கண்ணாடியின் முகம் இடது காலைப் பார்க்கட்டும். சுவரில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், ஓரம் மழுக்கிய சாதாரணக் கண்ணாடி போதும். வலது பாதம் போலவே தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி இடது விரல்களை மெல்ல மடக்கி விரிக்கட்டும். வலதையும் விரிப்பதாக எண்ணட்டும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். வெட்டிய இடம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அன்றே காட்டுங்கள்.

இடது உள்ளங்காலை இரவுதோறும் நீங்களே பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாகவே எண்ணி ஊன்றி விழுந்தவர்கள் பலர். ஊன்றுகோல் கட்டிலோடு ஒட்டியே இருக்கட்டும், ஒரு விளக்கும் எரியட்டும்.